டிக், டிக் என்றால் நிறுத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பரண் மேலிருந்து பழைய டெஸ்க்டாப்பை இறக்குகிறீர்கள். கல்யாண ஃபோட்டோ, காதுகுத்து வீடியோ எல்லாம் அதற்குள்தான். தூசி தட்டி சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் வரவில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரையை விடுங்கள். டிஸ்க் பக்கம் காதைக் கொண்டுபோங்கள். வானொலி கேட்பவர்களுக்கு இது கைவந்த கலைதானே!

சீராகச் சுற்றுகிற சத்தம் வந்து, நடுநடுவே மட்டும் திக்கினால் நல்ல சகுனம். டிஸ்குக்குள் சுற்றுகிற, தகவல் பதிந்த வட்டத் தட்டில் சில இடங்கள் கெட்டிருக்கின்றன, மற்றபடி டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் முதலில் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். பீப் பீப் என்று முனகினால் படிக்கும் முனை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளங்கையில் ஓங்கித் தட்டினால் சரியாகும் என்பார்கள். தட்டாதீர்கள். ஒட்டிய முனை பிய்ந்து வந்தால் அதோடு தட்டும் போச்சு.

நான்காவது, கடிகாரம் மாதிரி டிக், டிக், டிக். தட்டின் மேல் முனை தன் இடத்தை அறிய, ஆலையிலேயே எழுதிவைத்த அடையாளங்கள் இருக்கின்றன. அவை கண்ணில் படாமல் முனை போய்ப் போய்த் திரும்புகிறது. அந்தச் சத்தம்தான் இது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி நானோமீட்டர் கணக்கு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முனை உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டைச் சுரண்டுகிறது. சுரண்டி வருகிற தூள்தான் உங்கள் ஃபோட்டோ. உடனே நிறுத்துங்கள். ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன்: யூஎஸ்பி-யில் ஓடுகிற சின்ன எக்ஸ்டெர்னல் டிஸ்க், மின்சாரம் போதாமலும் டிக் டிக் என்னும். நீளமான கேபிள், டெஸ்க்டாப்பின் முன்பக்கச் செருகி இரண்டும் காரணமாகலாம். குட்டைக் கேபிளில், பின்பக்கச் செருகியில் ஒரே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அப்போதும் டிக் என்றால் தூசியில்லாத சுத்தமான அறை வைத்திருக்கும் தகவல் மீட்புக்கூடம்தான் கதி.

‘ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யுமாமே?’ என்று கேட்பீர்கள். குளிர்ந்த சொம்பை வெளியே எடுத்து வைத்தால் நீர் கோத்துக்கொள்கிறதல்லவா? டிஸ்கிலும் அதுதான் நடக்கும். பெரும்பாலான டிஸ்குகளில் காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு சின்ன துளை உண்டு, ஈரம் அதன் வழியே உள்ளேயும் போகும். வெயிட் போட்டு அமுக்குவது, அரிசியில் புதைப்பது இதெல்லாமும் வேண்டாம்.

இந்த இடத்தில் கொலம்பியா விண்கலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு விண்கலம் வானிலேயே சிதறியது. சிதைவுகளில் ஒரு ஹார்டு டிஸ்க் கிடைத்தது. செனான் வாயு எப்படி நகர்கிறது என்று விண்வெளியில் நடத்திய சோதனையின் பதிவுகள் அதில் இருந்தன. வெளியே கருகிப்போய், உள்ளே தூசி புகுந்து, பார்த்தால் குப்பை. ஆனால் மீட்பு நிபுணர்கள் தட்டுகளை எடுத்துத் துடைத்து வேறு டிஸ்கில் பொருத்தினார்கள். கிட்டத்தட்ட 99 சதவீதம் வந்துவிட்டது! டிஸ்க் பாதிதான் நிறைந்திருந்தது. அந்தக் காலத்து இயங்குதளமான டாஸ், கோப்புகளைச் சிதறடிக்காமல் ஒருபக்கமாக எழுதிவைத்திருந்தது, அடிபட்டதெல்லாம் காலி இடம். 2008-இல் சோதனை முடிவும் ஆய்விதழில் வெளியானது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததைப் படிக்க முடிந்தது. மேசை மேல் இருந்த டிஸ்கை, ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று பத்து தடவை சுவிட்சைப் போட்டே பறிகொடுப்பவர்கள் ஏராளம்.

சரி, சீராகச் சுற்றுகிற டிஸ்குக்கு வருவோம். முதல் வேலை மீட்பு அல்ல, முழு டிஸ்குக்கும் ஒரு நகல். கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள். டிஸ்கைச் சரிபார்க்கும் விண்டோஸின் செக்டிஸ்கையும் ஓட்டாதீர்கள், அது டிஸ்கின் மேலேயே எழுதும். கணக்கு ஒன்று பாருங்கள். 500 ஜிபி டிஸ்கை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 5000 விநாடி, அதாவது சுமார் ஒன்றரை மணி நேரம். கெட்ட இடம் ஆயிரம் இருந்து, ஒவ்வொன்றிலும் டிஸ்க் ஐந்து விநாடி போராடினால், அதற்கே இன்னொரு 5000 விநாடி. அத்தனை நேரமும் டிஸ்க் தேய்கிறது. நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கெட்டதைக் கடைசிக்குத் தள்ளுவதே புத்திசாலித்தனம்.

அதைச் செய்யும் இலவச நிரல் டிடிரெஸ்க்யூ. பென் டிரைவிலிருந்தே உபுண்டு இயங்குதளத்தை ஏற்றி, அதில் இந்த நிரலை நிறுவலாம். அங்கே தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்திருக்கும், கவனம். பழைய டிஸ்கைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்று வேண்டும். கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அடுத்து நகல் கோப்பு, மூன்றாவதாக வரைபடக் கோப்பு. எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பேடு அது. மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைக் கொடுக்காமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். முதல் சுற்றில் மைனஸ் போட்டு சின்ன ‘என்’, கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டும். இரண்டாம் சுற்றில் மைனஸ் சின்ன ‘டி’ (டிஸ்க் என்பதன் முதல் எழுத்து), மைனஸ் சின்ன ‘ஆர்’ மூன்று. விட்டதை மூன்று முறை முயலும். டிஸ்க் கை சுடும் அளவுக்குப் போனால் நிறுத்தி ஆறவையுங்கள், நேராக ஒரு மின்விசிறி போதும்.

டிஸ்கின் அடியிலுள்ள பச்சை மின்சுற்றுப் பலகையை மாற்றுவது பற்றியும் பேச வந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒரே வரி: சென்னை ரிச்சி தெருவில் அதே மாடல் கிடைத்தாலும் பலகையை மட்டும் மாற்றினால் போதாது. அந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் பெரும்பாலும் பலகையிலுள்ள எட்டுக்கால் சிப்பில் இருக்கும், சிப்பையும் பெயர்த்து வைக்க வேண்டும்.

நகல் கையில் வந்ததும் பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள், சி, டி என்று டிஸ்கைப் பிரித்துவைத்த பிரிவுகள் தெரிந்தால் கோப்புகள் பெயரோடு வரும். தெரியாவிட்டால் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு நிரல். அதில் பெயர் போய்விடும், ‘எஃப்’ போட்டு எண்ணாக வரும். ஆனால் எடுத்த தேதி பெரும்பாலும் ஃபோட்டோவுக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை வைத்து அடுக்கிவிடலாம். வணக்கம்.