முதலெழுத்தில் ஒளிந்திருக்கும் பெயர்

விழாத் தலைவர் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நூலகப் புரவலர்களே, தமக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றி எனக்கே போர்த்திய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பிகளே, முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். பாட்டுக்கு முகம் எது? ஒவ்வோர் அடியின் முதலெழுத்துதான். அந்த முகத்தில் சொல்லை ஒளித்து வைத்த புலவர்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, பிறநாட்டார் செய்தது. இரண்டு, நம்மவர் செய்தது. மூன்று, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுத் தருவது.

ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட இரண்டாவது ஆலிஸ் கதையின் கடைசியில் 21 அடிப் பாட்டு ஒன்று இருக்கிறது. முதலெழுத்துகளை மேலிருந்து கீழே கூட்டிப் படித்தால் ஆலிஸ் பிளசன்ஸ் லிடெல் என்று வரும். எந்தச் சிறுமிக்காகக் கதை சொல்லத் தொடங்கினாரோ அவளுடைய முழுப்பெயர். புத்தகம் வரும்போது அவள் வளர்ந்த பெண். விவிலியத்தில் 119-ஆம் சங்கீதத்தை எடுங்கள். 22 எபிரெய எழுத்துகள், ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் எட்டு வசனம், மொத்தம் 176. தமிழில் பெயர்த்தபோது அந்த முதலெழுத்துகள் போய்விட்டன. ஆனாலும் ஆலெப், பேத் என்று அந்த எழுத்துகளின் பெயர்களைத் தாங்கிய தலைப்புகளை மட்டும் விடாமல் அச்சிட்டிருக்கிறார்கள்.

நம்மிடம் ‘அறம் செய விரும்பு, ஆறுவது சினம்’ என்று அகர வரிசையிலேயே நடக்கும் ஆத்திசூடி இருக்கிறது. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளிப்பதற்குத் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் கரந்துறைச் செய்யுள் என்றே பெயர் சொல்கிறது. முதலெழுத்தில் பெயர் வைப்பது மட்டும் தமிழில் கஷ்டம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. மலர்விழி என்ற பெயருக்கு ‘ழி’யில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது?

என் அத்தை கோமதிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1984-இல் அத்தை கல்யாணத்துக்கு எங்கள் தமிழய்யா வாழ்த்துமடல் எழுதினார். அச்சகத்தில் மேலே பெரிய குத்துவிளக்குப் படம் போட்டார்கள். இடம் போதவில்லை என்று அடிகளை ஒன்றோடொன்று சேர்த்து உரைநடைபோல் ஓட்டிவிட்டார்கள். கல்யாணத்தன்று ஐயா அந்த மடலை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் என்று அப்பா சொல்வார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பந்தியில் பாயசம்கூட வேண்டாம் என்றாராம்! மடலுக்குக் கண்ணாடி போட்டு அத்தை கூடத்தில் மாட்டினார். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்குவார், துடைப்பார், மறுபடி மாட்டுவார். ஐயா காலமான பின் அவருடைய புத்தகங்களும் நோட்டுகளும் நம் கிளை நூலகத்துக்கு வந்தன. போன மாதம் ஒரு நோட்டைப் புரட்டினேன். அவர் கையெழுத்து:

கோலமிட்ட வாசலிலே கூடிநின்று வாழ்த்துகிறோம்
மங்கலமாய் ஊர்முழுதும் மணம்பரப்ப வாழ்த்துகிறோம்
திங்களென வளர்ந்தோங்கித் தினம்சிறக்க வாழ்த்துகிறோம்

முதலெழுத்து மூன்றின் கீழும் சிவப்பு மை. கோ, ம, தி. எனக்குக் கை நடுங்கியது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும், ஆனால் முகத்தைப் பார்க்க விட வேண்டுமே!

மறுநாளே அத்தையை அழைத்து வந்தேன். பஸ் வந்து சேர ஆறரை மணி. நூலகம் பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று வருஷமாக இதைத்தான் மேடைக்கு மேடை கேட்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், இவர்கள் எல்லாம் எப்போது படிப்பது? தலைவர் அவர்களே, இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு தெருவிளக்கு வேண்டும். அதற்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். ஐயா நோட்டைப்போல் இன்னும் இரண்டு அலமாரி உள்ளே இருக்கிறது, ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. முகத்தில் தெரிகிற அழகையும் வெளிச்சம் இருந்தால்தானே பார்க்க முடியும்?

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது செய்தியை இன்னொரு நாள் சொல்கிறேன். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்தை அத்தை போட்டிருக்கிறார்.