எட்ட நின்று தடுக்கும் அணு

நேயர்களுக்கு வணக்கம். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்றைச் சாதாரண ரூபிடியம் அணு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி எலக்ட்ரானை லேசரால் 70-ஆம் ஆற்றல் நிலைக்கு ஏற்றினால், பழம் 50 மீட்டர் அகலத்துக்கு ஊதிப் பெருத்துவிடும். பிளஸ் டூவில் ரிட்பெர்க் மாறிலி படித்த பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் பழக்கமானது: இதுதான் ரிட்பெர்க் அணு. அந்தப் பழம் நெல்லையப்பர் சன்னதியில் இருந்தால், நாலு ரத வீதிகளையும் தாண்டி முக்கால் கிலோமீட்டர் தூரம் வரை இன்னொரு பழம் அப்படி ஊத முடியாது!

உண்மையில் அந்தத் தூரம் சுமார் 10 மைக்ரோமீட்டர். ஓர் அணு மேலேறியதும், இரண்டாவதும் ஏறத் தேவையான ஆற்றல் மாறிவிடுகிறது. அதே லேசர் பிறகு பொருந்தாது. 2009-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இரண்டே அணுக்களை வைத்து இதைக் காட்டினார்கள். நிலை எண் இரட்டித்தால் இந்த ஆற்றல் மாற்றம் ஏறத்தாழ 2,000 மடங்காகும். இடைவெளி இரட்டித்தால் 64-இல் ஒரு பங்காகக் குறையும்.

இந்தச் சோதனைகளில் அணுக்களை முதலில் குளிர்விப்பது எதற்கு? அறை வெப்பத்தில் ரூபிடியம் அணு ஒரு மைக்ரோவினாடியில் கால் மில்லிமீட்டர் ஓடிவிடும். 100 மைக்ரோகெல்வினில், அதாவது முழுச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில், அதே நேரத்தில் சுமார் 0.15 மைக்ரோமீட்டர்தான் நகரும். அப்போது 780, 480 நானோமீட்டர் லேசர்களை எதிரெதிராகச் செலுத்தி ஏற்றலாம்.

இதில் ஆளைப் பாடாய்ப் படுத்துவது அணுக்களை அடைத்து வைக்கும் கண்ணாடிக் கலம்தான். உள்சுவரில் ஒட்டிய ரூபிடியமே மின்புலம் உண்டாக்கும். சென்டிமீட்டருக்கு 0.1 வோல்ட் போதும், 70-ஆம் நிலைக் கோடு (அந்த நிலைக்கு அணு ஏறும் லேசர் அதிர்வெண்) இரண்டு மூன்று மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். காலையில் பிடித்த கோடு மத்தியானம் அங்கே இருக்காது. பலரும் லேசரைக் குறைசொல்லி அதைப் பிரித்துப் போடுகிறார்கள். அதற்கு முன் 30-ஆம் நிலையைப் பாருங்கள். லேசர் கோளாறு என்றால் இரண்டு கோடும் நகரும். மின்புலம் என்றால் 30 அசையாது, ஏனென்றால் புலத்துக்கு மசியும் தன்மை நிலை எண்ணின் ஏழாம் அடுக்காக வளர்கிறது.

மின்புலத்தைச் சரிசெய்ய, மூன்று திசைகளுக்கும் வைத்த மூன்று ஜோடி மின்முனைகளில் ஒரு ஜோடியின் வோல்ட்டைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் கோட்டின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். வரைபடம் கவிழ்த்த சட்டி மாதிரி வரும். அதன் உச்சியில் நிறுத்துங்கள். மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் இப்படியே. முடித்ததும் முதல் ஜோடிக்குத் திரும்புங்கள். மின்முனைகள் துல்லியமான செங்குத்தில் இருப்பதில்லை, அதனால் அது கொஞ்சம் விலகியிருக்கும். புற ஊதா விளக்கு காட்டி ஒட்டிய அணுக்களை விரட்டினாலும், மறுபடி முதல் ஜோடியிலிருந்தே தொடங்க வேண்டும்.