நண்பர்கள் பேசி முடிக்காத பேச்சு

நண்பர்களே, வணக்கம்.

பேச்சுவார்த்தை என்றதும் நம் மனதில் இரண்டு பகை நாடுகள் வந்து உட்கார்ந்துவிடும். நீண்ட மேசை, இறுகிய முகங்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. ஒரே அணியில் இருக்கிற, ஒன்றை ஒன்று நம்புகிற இரண்டு அரசுகள் பேச உட்காரும்போது என்ன தயாரிப்பு வேண்டும் என்பதைப் பற்றி. இதுதான் கடினமான வேலை என்பது என் கருத்து.

நம் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நியத்தில் சம்பந்தம் என்றால் எல்லாவற்றையும் பேசிவிடுவோம். மண்டப வாடகை யாருடையது, சாப்பாட்டுச் செலவு யாருடையது, எல்லாம் ஒரு தாளில் ஏறிவிடும். சொந்தத்தில் சம்பந்தம் என்றால்? “அவங்க பார்த்துக்குவாங்க, இதைப் போய்க் கேட்கிறதா?” என்று இந்தப் பக்கம் இருப்பார்கள். அந்தப் பக்கமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மனஸ்தாபம் வெடிக்கும். அந்நியர்களுக்குள் வராத சண்டை சொந்தக்காரர்களுக்குள் வந்து நிற்கும்.

1962 டிசம்பரில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்தது ஏறத்தாழ இதுதான். அப்போது அதிபர் ஜான் கென்னடி. பிரதமர் ஹரால்ட் மாக்மில்லன். இருவருக்கும் இடையே உறவுமுறையே இருந்தது. கென்னடியின் தங்கை கேத்லீன் மணந்துகொண்டது மாக்மில்லனின் மனைவியுடைய அண்ணன் மகனை. வாஷிங்டனில் பிரிட்டனின் தூதராக இருந்த டேவிட் ஆர்ம்ஸ்பி-கோர், கென்னடிக்கு இளம் வயதிலிருந்தே நண்பர். இவ்வளவு நெருக்கம் இருந்தும் ஓர் ஏவுகணைத் திட்டத்தால் இரு நாட்டு உறவும் முறியும் நிலைக்குப் போனது.

அந்த ஏவுகணையின் பெயர் ஸ்கைபோல்ட். குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு போய், எதிரி நாட்டு எல்லைக்கு வெளியில் இருந்தே ஏறத்தாழ 1,000 மைல் தூரத்துக்கு ஏவலாம் என்பது திட்டம். 1960 மார்ச்சில் அன்றைய அதிபர் ஐசன்ஹோவர், கேம்ப் டேவிட்டில் மாக்மில்லனிடம் இதைத் தருவதாக ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ அதே நேரத்தில், போலாரிஸ் என்ற ஏவுகணையைத் தாங்கிய அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு ஸ்காட்லாந்தின் ஹோலி லோக்கில் தளம் அமைக்க பிரிட்டன் இடம் கொடுத்தது. ‘நீ இதைக் கொடு, நான் அதைத் தருகிறேன்’ என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் லண்டன் மனதில் அது ஒரே கணக்கு. அதை நம்பி பிரிட்டன் தன் சொந்த ஏவுகணைத் திட்டமான புளூ ஸ்ட்ரீக்கை அடுத்த மாதமே கைவிட்டது. அதாவது, ஒரு நாட்டின் அணு ஆயுதக் கொள்கை முழுக்க, இன்னொரு நாடு இன்னும் செய்து முடிக்காத ஒரு பொருளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்காவுக்கோ ஸ்கைபோல்ட் பல ஆயுதங்களில் ஒன்று. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா கணக்குப் பார்க்கிற மனிதர். செலவு ஏறுகிறது, சோதனைகள் தோற்கின்றன, தரையிலிருந்தும் நீர்மூழ்கியிலிருந்தும் ஏவுகிற ஏவுகணைகள் கையில் இருக்கின்றன. எதற்கு இது? 1962 நவம்பர் தொடக்கத்தில், இதை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த நெருக்கடி அப்போதுதான் தணிந்திருந்தது. கென்னடியின் கவனம் அங்கே இருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஏனென்றால் பாடம் முழுக்க இந்த ஐந்து வாரத்தில்தான் இருக்கிறது.

மெக்நமாரா தகவலை மறைக்கவில்லை. நவம்பர் 8-ஆம் தேதி தூதர் ஆர்ம்ஸ்பி-கோரிடம் சொன்னார். மறுநாள் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் தார்னிகிராஃப்ட்டைத் தொலைபேசியில் அழைத்து, திட்டம் ரத்தாகலாம் என்று எச்சரித்தார். லண்டனுக்கு நேரில் வந்து பேசுவதாகவும் ஏற்பாடு. சரி, முறைப்படி எல்லாம் செய்தாயிற்று என்று வாஷிங்டனில் நினைத்தார்கள்.

அப்புறம் இரண்டு பக்கமும் காத்திருந்தது. தார்னிகிராஃப்ட்டின் எண்ணம் இது: நம் கையில் இருந்த பொருளை எடுத்துக்கொள்வது அவர்கள், ஆகவே மாற்றாக என்ன தருகிறோம் என்று அவர்கள்தான் வந்து சொல்ல வேண்டும். நாமே போய் போலாரிஸ் கேட்டால், ஸ்கைபோல்ட் செத்துவிட்டது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும். நாடாளுமன்றத்தில் அரசு நிற்க முடியாது, விமானப் படையும் சும்மா இருக்காது. மெக்நமாராவின் எண்ணம் வேறு: அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும். கேட்கட்டும், பார்க்கலாம். நாமாகப் போலாரிஸை நீட்டினால், நம் வெளியுறவுத் துறையே எதிர்க்கும். பிரிட்டன் தனியாக அணு ஆயுதம் வைத்திருப்பதையே விரும்பாதவர்கள் அங்கே வலுவாக இருந்தார்கள். அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் இருக்கிற நேட்டோ ராணுவக் கூட்டணி சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுப் படைக்குள் அதைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு.

இரண்டு பேரின் நியாயமும் நியாயம்தான். தவறு எங்கே என்றால், ஒருவர் நியாயம் மற்றவருக்குத் தெரியவில்லை. தொலைபேசி இருந்தது, தூதர் இருந்தார், நட்பு இருந்தது. “நீங்கள் கேட்பீர்கள் என்று நாங்கள் காத்திருக்கிறோம்” என்ற ஒரு வாக்கியத்தை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பகை நாடாக இருந்திருந்தால் மறுநாளே அதிகாரிகள் உட்கார்ந்து எதிர்த்தரப்பு என்ன நினைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நண்பன் என்பதால் அந்த வேலை நடக்கவில்லை. எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனது கனத்துப்போகும்.

இதற்கு நடுவில் டிசம்பர் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சசன் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஓர் உரை ஆற்றினார். பிரிட்டன் பேரரசை இழந்துவிட்டது, தனக்கான இடத்தை இன்னும் கண்டடையவில்லை என்று அதில் ஒரு வரி. அவர் அப்போது அமைச்சர் இல்லை. ஆனால் லண்டனில் அந்த வரி அமெரிக்க அரசின் குரலாகவே ஒலித்தது. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று மெக்நமாரா லண்டனுக்கு வந்தார். காட்விக் விமான நிலையத்தில் இறங்கியதுமே, பத்திரிகையாளர்களிடம், ஸ்கைபோல்ட்டின் ஐந்து சோதனைகளும் தோற்றுவிட்டன என்று அறிவித்தார். பேச உட்காருவதற்கு முன்பே முடிவு ஊருக்குத் தெரிந்துவிட்டது. இதற்குப் பிறகு தார்னிகிராஃப்ட் எவ்வளவு நல்ல தீர்வோடு வெளியே வந்தாலும் அவர் தோற்றுப்போனவராகத்தான் தெரிவார்.

நிகழ்ச்சி நிரல், இருக்கை வரிசை, கொடி, விருந்து எல்லாம் முக்கியம்தான். யார் முதலில் எந்த மேடையில் என்ன சொல்வது என்பது அவற்றைவிட முக்கியம். விமானப் படிக்கட்டில் சொல்லப்போகிற நாலு வரியையும் எதிர்த்தரப்பு முந்தைய நாளே பார்த்திருக்க வேண்டும்.

டிசம்பர் 18. பஹாமாஸின் நசாவு நகரம். ஸ்கைபோல்ட் பிரச்சினை தலைவர்கள் மேசைக்கு வந்தது. வரும் வழியில், விமானத்திலேயே, கென்னடியும் தூதர் ஆர்ம்ஸ்பி-கோரும் ஒரு யோசனையை உருவாக்கினார்கள்: ஸ்கைபோல்ட்டைத் தொடர்ந்து உருவாக்கும் செலவை இரு நாடும் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம் முன்பு வந்திருந்தால் லண்டன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் இத்திட்டத்தில் போடும் பணத்துக்குப் பலன் இருக்காது என்று கென்னடியே தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லி, அது முந்தைய நாள்தான் ஒளிபரப்பாகியிருந்தது. மாக்மில்லன் மறுத்துவிட்டார். பிறகு அவர் மனம் உருகிப் பேசினார். இரண்டு உலகப் போர்களில் சேர்ந்து நின்றதையும், அணுகுண்டு ஆராய்ச்சியில் பிரிட்டனின் பங்கையும் எடுத்துச் சொன்னார். கென்னடி இறங்கி வந்தார்.

டிசம்பர் 21-இல் அறிக்கை வெளியானது. போலாரிஸ் ஏவுகணை அமெரிக்காவுடையது; நீர்மூழ்கியும், ஏவுகணை முனையில் வைக்கும் அணுகுண்டும் பிரிட்டனுடையவை. அந்தப் படை நேட்டோவிடம் இருக்கும், ‘உச்ச தேசிய நலன்’ ஆபத்தில் இருப்பதாக பிரிட்டன் அரசு முடிவு செய்யும் நேரம் தவிர. அந்தச் சொற்றொடர்தான் மாக்மில்லனைக் காப்பாற்றியது. நம் நாட்டுக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு தொடர்பு உண்டு. சீனப் போர் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; இந்தியாவுக்கு 12 கோடி டாலர் அவசர ராணுவ உதவியை அமெரிக்காவும் காமன்வெல்த்தும் பாதிப்பாதியாகத் தருவது என்று அங்கேதான் முடிவானது.

முடிவு நன்றாகத்தானே வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டன் நான்கு நீர்மூழ்கிகளைக் கட்டியது. முதல் கப்பல் 1968-இல் ரோந்து போனது. ஆனால் விலையைப் பாருங்கள். நசாவுக்கு வருவதற்குச் சில நாள் முன்புதான் மாக்மில்லன் ராம்பூயே மாளிகையில் பிரெஞ்சு அதிபர் தெ கோலைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டனைச் சேர்க்க வேண்டும் என்பது மாக்மில்லனின் கோரிக்கை. தெ கோலுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. அடுத்த வாரமே அமெரிக்காவோடு இப்படி ஓர் ஒப்பந்தம். 1963 ஜனவரி 14 அன்று அவர் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கதவைச் சாத்தினார். நசாவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாத்துவதற்கு அது நல்ல சாக்காக அமைந்தது. இருவர் பேசும்போது, பக்கத்து அறையில் இருக்கும் மூன்றாமவர் காதில் அது எப்படி விழும் என்பதும் தயாரிப்பில் சேர்த்திதான்.

இதே இரு நாடுகள் வேறு ஒரு சமயம் நன்றாகவும் தயாரித்திருக்கின்றன. 1941 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்தின் பிளாசென்ஷியா விரிகுடாவில், போர்க்கப்பல்களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலும் சந்தித்தார்கள். அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில் ரூஸ்வெல்ட் தன் நம்பிக்கைக்குரிய ஹாரி ஹாப்கின்ஸை லண்டனுக்கு அனுப்பிவிட்டார். உடம்பு நொந்துபோன மனிதர் அவர். வாரக்கணக்கில் சர்ச்சிலோடு இருந்தார், சாப்பிட்டார், பேசினார். ஜூலையில் மறுபடி போனார். அங்கிருந்து மாஸ்கோவுக்கும் போய் ஸ்டாலினைப் பார்த்துவிட்டு, சர்ச்சிலின் கப்பலிலேயே ஏறிச் சந்திப்புக்கு வந்தார். எது சொன்னால் யாருக்குச் சுடும் என்று இருபுறமும் தெரிந்த ஓர் ஆள் நடுவில் இருந்தார். 1962-இல் ஆர்ம்ஸ்பி-கோர் அந்த ஆளாக இருந்திருக்கலாம். கடைசியில்தான் அவரை அப்படிப் பயன்படுத்தினார்கள்.

அந்தச் சந்திப்பிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மக்களும் தாங்கள் விரும்பும் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு என்று, அங்கே வெளியிட்ட கூட்டறிக்கையான அட்லாண்டிக் சாசனத்தில் எழுதினார்கள். எந்த மக்கள் என்று பேசிக்கொள்ளவில்லை. செப்டம்பரில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது முக்கியமாக நாஜிகளின் பிடியில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளைக் குறிக்கிறது என்றார். இந்தியாவுக்கு அது இல்லை என்று ஆனது. விடுதலைக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த நம்மவர்களுக்கு அந்த விளக்கம் எப்படி இருந்திருக்கும்! கூட்டறிக்கையில் ஒரு சொல்லை இரு தரப்பும் இரண்டு விதமாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது அன்றைய இரவுக்கு வசதியாக இருக்கும். அதன் கணக்கு வேறு யார் தலையிலாவது விடியும்.

உங்களில் சிலர் வெளியுறவுப் பணித் தேர்வுக்குப் படிப்பதாகத் தலைவர் சொன்னார். உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நட்பு நாட்டோடு பேச்சு என்று கோப்பு வரும்போது, முதல் பக்கத்தில் நமக்கு என்ன வேண்டும் என்று எழுதுவீர்கள். இரண்டாம் பக்கத்தில், அவர்கள் எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று எழுதுங்கள். அங்கே எந்தத் துறைக்கும் எந்தத் துறைக்கும் ஒத்துப்போகவில்லை, அந்த அமைச்சர் ஊர் திரும்பியதும் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால், பேச்சுக்குத் தேதி குறிக்கும் முன் அவர்களை அழைத்து, வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கென்னடிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு நெருங்கிய இரண்டு அரசுகள் எப்படி இந்த இடத்துக்கு வந்தன என்று ஆராய்ந்து சொல்லும்படி ரிச்சர்ட் நியூஸ்டட் என்ற அரசியல் பேராசிரியரைக் கேட்டுக்கொண்டார். அவர் இரு நாட்டுக் கோப்புகளையும் மனிதர்களையும் தேடிப் போய் விசாரித்தார். 1963 நவம்பர் மத்தியில் அறிக்கை கென்னடியின் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதமே மாக்மில்லன் உடல்நலம் குன்றிப் பதவி விலகியிருந்தார். அறிக்கை வந்து ஒரு வாரத்தில் கென்னடி டல்லஸுக்குப் போனார்; உயிரோடு திரும்பவில்லை.