குழு சிகிச்சைக்குப் போகலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மனச்சோர்வு, பதற்றம், ஆறாத துக்கம் என்று ஏதோ ஒன்றுக்காக ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், "நீங்கள் ஒரு குழுவில் சேர்ந்து பார்க்கலாமே" என்று சொன்னால் பெரும்பாலும் முகம் சுருங்கிவிடும். "உங்கள் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசவே எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எப்படி வாய் திறப்பேன்?" என்பார்கள். "என் பாரமே எனக்குத் தாங்கவில்லை, இதில் அடுத்தவர் பாரத்தையும் சுமக்க வேண்டுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள். குழுக்களை நடத்தி வருகிற மனநல ஆலோசகர் என்ற முறையில் இவற்றுக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில், அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் வழக்கமாக 5 முதல் 10 பேர் இருப்பார்கள்; ஏழெட்டுப் பேர் என்றால் கச்சிதம். வாரம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம், சுமார் 90 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரோ இருவரோ கூடவே இருந்து வழிநடத்துவார்கள். சில குழுக்கள் 8 வாரம், 12 வாரம் என்று காலம் வைத்து நடக்கும். ஆரம்பித்த பிறகு புதியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். பதற்றத்தையோ கோபத்தையோ கையாளக் கற்றுத்தரும் குழுக்கள் பெரும்பாலும் இந்த வகை. வீட்டில் செய்து பார்க்கச் சொல்லிப் பயிற்சியும் கொடுப்பார்கள். இன்னும் சில குழுக்கள் முடிவு தேதி இல்லாமல் தொடர்ந்து நடக்கும். ஒருவர் தேறி விலகினால் இன்னொருவர் வந்து சேர்வார்.

இந்த முறை தொடங்கிய விதம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைக்குப் போக வசதியில்லாத நோயாளிகளை வாரம் ஒரு முறை ஒன்றாகக் கூட்டினார். எடை, ஓய்வு, சாப்பாடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். தனித்தனியாகச் சொல்வதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் ஒருவர் தேறி வருவதைப் பார்த்து இன்னொருவருக்குத் தெம்பு வருவதையும், ஒரே நோய் அவர்களுக்குள் ஓர் உறவையே உண்டாக்கிவிடுவதையும் கவனித்தார். பிறகு இரண்டாம் உலகப் போர். மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்கள் ஏராளம், மருத்துவர்கள் கொஞ்சம். பிரிட்டனின் நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில் அவர்களுக்குக் குழுவாகவே சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள்.

இப்படி ஆள் பற்றாக்குறையில் வளர்ந்ததாலோ என்னவோ, குழு சிகிச்சை என்றால் இரண்டாம் தரம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அது சரியில்லை. மனச்சோர்வு உட்படப் பல பிரச்சினைகளில், ஒரே வகைச் சிகிச்சையைத் தனியாகவும் குழுவாகவும் கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் ஏறக்குறைய சமமாகவே வருகிறது. என் அனுபவத்தில், தனி அறையில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் குழுவில் கிடைக்கின்றன.

ஒன்றைப் பற்றிச் சொல்ல ஓர் உதாரணம் தருகிறேன். யாருடைய அடையாளமும் வெளிப்படக் கூடாது என்பதால், பல குழுக்களில் பார்த்தவற்றைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருவர் வருகிறார். "வீட்டில் என்னிடம் யாருமே பேசுவதில்லை. எல்லோருக்காகவும் ஓடி ஓடி உழைக்கிறேன், ஒருவருக்கும் நன்றியில்லை" என்கிறார். தனியாகப் பார்க்கும்போது அவர் சொல்வது மட்டும்தான் எனக்குத் தெரியும். குழுவில் நான்காவது வாரம், தாயை இழந்த ஒரு பெண் பேச ஆரம்பிக்கிறார். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் இவர் குறுக்கிட்டு, காலையில் நடைப்பயிற்சி போங்கள், இன்னின்ன செய்யுங்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். அந்தப் பெண் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மௌனமாகிவிடுகிறார். மற்றவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். நான் அந்தப் பெண்ணிடம், "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறேன். கொஞ்சம் தயங்கி, "அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் நான் சொல்ல வந்ததை இனிமேல் சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிட்டது" என்கிறார். யோசனை சொன்னவர் திகைத்துப் போகிறார். அப்புறம், "என் மகளும் இதையேதான் சொல்வாள்" என்கிறார்.

வீட்டில் நடப்பது அறைக்குள் எல்லோர் கண்முன்னாலும் நடந்துவிட்டது. மகள் சொன்னபோது அது சண்டையாகத்தான் முடிந்திருக்கும். இங்கே சொல்பவருக்கு அவர்மேல் பழைய கோபம் எதுவும் இல்லை, அதனால் அவரால் கேட்க முடிகிறது. அடுத்த வாரம் அதே இடத்தில், அதே மனிதர்களிடம், குறுக்கிடாமல் கேட்டுப் பார்க்கலாம். தவறினால் பரவாயில்லை, அதற்கு அடுத்த வாரமும் இருக்கிறது. பழகும் விதத்தை மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது விஷயம், நீங்கள் அங்கே கொடுக்கவும் செய்வீர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு, தான் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற எண்ணம் மிக ஆழமாகப் பதிந்திருக்கும். "நீங்கள் அப்படி இல்லை" என்று சிகிச்சையாளரான நான் நூறு முறை சொன்னாலும் அவர் நம்ப மாட்டார், அது என் தொழில் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் எதிரில் இருக்கும் ஒருவர், "போன வாரம் நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டேதான் அன்றைய இரவைக் கடந்தேன்" என்று சொன்னால், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அடுத்தவர் பாரத்தையும் சுமக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: சுமக்க வேண்டாம், கூட இருந்து கேட்டால் போதும். அப்படிக் கேட்கும்போது உங்கள் பாரமும் லேசாவதை நானே பல முறை பார்த்திருக்கிறேன்.

இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், குழு எதனால் பலன் தருகிறது என்பதற்கு 11 காரணிகளைச் சொல்லியிருக்கிறார். நம்பிக்கை பிறப்பது, 'எனக்கு மட்டும் இல்லை' என்ற நிம்மதி, பிறருக்கு உதவுவது, ஒட்டுறவு எல்லாம் அதில் அடக்கம்.

அதே சமயம், அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். டேவிட் ஸ்பீகல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், மார்பகப் புற்றுநோய் உடம்பில் பரவிய பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 1989-இல் வெளியானது. குழு சிகிச்சைக்குப் போனவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே பேசிய ஆய்வு. ஆனால் 2001-இல் கனடாவில் இன்னும் அதிகப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. அவர்களுடைய மனநிலை மேம்பட்டது, வலி குறைவாகத் தெரிந்தது. ஆரம்பத்தில் மிகவும் தவித்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். கடைசிக் காலத்தில் இருக்கும் ஒருவருக்கு வலியும் தவிப்பும் கொஞ்சம் தணிவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, நீங்கள் சேர்வதாக இருந்தால் எதற்குத் தயாராக வேண்டும்? முதலில் சிகிச்சையாளர் உங்களைத் தனியாகச் சந்தித்துப் பேசுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், இல்லாத குரல்கள் கேட்கும் நிலையில் இருப்பவர்கள் போன்றோருக்கு முதலில் தனிப்பட்ட சிகிச்சைதான் அவசரம், குழு பிறகு. உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்தால் குழுவுக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் குழுவில் சேர்ந்துவிட்டதால் அதை நிறுத்தக் கூடாது.

ரகசியத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். சிகிச்சையாளர் தொழில் நெறியால் கட்டுப்பட்டவர். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய வெளியே சொல்லக் கூடாது. மற்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது அவர்கள் தரும் வாக்குறுதி. நடைமுறையில் அது பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது, ஏனென்றால் எல்லோருடைய ரகசியமும் அங்கே இருக்கிறது. இருந்தாலும் எதை, எப்போது சொல்வது என்பது உங்கள் கையில்தான். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆரம்ப வாரங்கள் சங்கடமாகத்தான் இருக்கும். நீண்ட மௌனம் வரும். யாராவது ஒருவரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். 1965-இல் புரூஸ் டக்மேன் என்ற உளவியலாளர் பல குழுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். தயக்கத்துக்குப் பிறகு உரசல், அதற்குப் பிறகுதான் இணக்கம் என்று அவர் சொன்ன வரிசையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பலர் அந்த உரசல் கட்டத்திலேயே விலகிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் வருத்தம். "இவர் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது" என்பதைக் குழுவுக்குள்ளேயே சொல்லிப் பாருங்கள். கட்டாயம் விலக வேண்டும் என்றால், ஓரிரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டு, விடைபெற்றுப் போங்கள். சொல்லாமல் ஒருவர் காணாமல் போனால் மீதிப் பேர் தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்காக 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுயஉதவிக் குழுக்கள் வேறு. அங்கே சிகிச்சையாளர் கிடையாது, அனுபவப்பட்டவர்களே ஒருவருக்கொருவர் துணை. அதற்கும் போகலாம், இதற்கும் வரலாம்.

சேர்வதற்கு முன் நடத்துபவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். உங்களுக்கு என்ன பயிற்சி இருக்கிறது? எத்தனை வாரம்? நடுவில் புதியவர்கள் வருவார்களா? உறுப்பினர்கள் வெளியே சந்தித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? யாராவது ரகசியத்தை மீறினால் என்ன செய்வீர்கள்? நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். மழுப்பினால் வேறு குழுவைத் தேடுங்கள்.

நன்றி, வணக்கம்.