சிறுநீரகம் இருக்கும் விலாசம்

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பால்வெட்டுக் காலத்திலும் சரி, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் சரி, மருந்தகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, கிட்னி வலிக்கிறது" என்பார்கள். கை எங்கே இருக்கும்? கைலி கட்டுகிற மட்டத்தில். அங்கே சிறுநீரகம் கிடையாது. செம்பனைக் குலையைத் தூக்கித் தூக்கிச் சலித்துப்போன தசைதான் அங்கே இருக்கிறது.

உட்கார்ந்து கேட்பவர்கள் கையைப் பின்னால் கொண்டுபோங்கள். வண்டி ஓட்டுபவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். விலா எலும்பில் கடைசியானது முதுகெலும்பைச் சந்திக்கிற மூலை தட்டுப்படுகிறதா? அந்த மூலையை ஒட்டி, மேல்பாதி விலா எலும்புக்கு உள்ளே ஒளிந்தபடி, சிறுநீரகம் இருக்கிறது. வலப்பக்கம் கல்லீரல் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுக் கீழே இருக்கும். நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 150 கிராம். மறுபடியும் சொல்கிறேன்: நீங்கள் நினைப்பதைவிட மேலே, நீங்கள் நினைப்பதைவிட ஆழத்தில்.

இதைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் பிடித்த வழி ஆட்டிறைச்சிக் கடை. தீபாவளி நெருங்கினால் விடியற்காலையிலேயே போய், "ஆட்டுச் சிறுநீரகத்தைக் கொழுப்போடு கொடுங்கள், சுத்தம் செய்துவிடாதீர்கள்" என்பேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். எல்லாரும் கொழுப்பை நீக்கச் சொல்லும்போது இவர் மட்டும் ஏன் இப்படி என்று அவருக்கு ஒரு சந்தேகம். வீட்டிலும் இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. சமையலறை மேசையில் பாடம் நடத்தினால் யார்தான் பொறுப்பார்கள்?

கையில் எடுத்தால் முதலில் சிறுநீரகமே தெரியாது. வெள்ளைக் கொழுப்புக் கட்டி ஒன்றுதான் தெரியும். விரலால் பிளந்துகொண்டே போனால், உள்ளே கருஞ்சிவப்பாக, வழுவழுவென்று அது வெளியே வரும். அதன்மேல் மெல்லிய உறை ஒன்று உண்டு. நகத்தால் கீறி இழுத்தால் வெங்காயத் தோல் போல உரிந்து வந்துவிடும். நீளவாக்கில் அறுத்தால் ஓரம் அடர்ந்த நிறம், உட்புறம் வெளிறிய நிறம். ஓரத்தில்தான் இரத்தம் வடிகட்டப்படுகிறது. உள்ளே இறங்க இறங்கத்தான் அது சிறுநீராக ஆகிறது. ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டில் உட்பகுதி ஒரே முகடாக இணைந்திருக்கும். நமக்கோ கூம்பு கூம்பாகப் பல உண்டு. இன்னொரு வேடிக்கை: ஆட்டின் இரைப்பை அத்தனை பெரிது என்பதால், இடது சிறுநீரகத்தை அது வலப்பக்கம் தள்ளிவிட்டிருக்கும்.

அந்தக் கொழுப்பு வீணுக்கு இல்லை. சிறுநீரகத்தை எலும்போடு கட்டிவைக்கும் தசைநார் எதுவும் கிடையாது. கொழுப்பும் அதைச் சுற்றிய சவ்வும்தான் பெரும்பாலும் தாங்குகின்றன. இப்போது மூச்சை நன்றாக இழுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் இறங்கியது, கூடவே உங்கள் சிறுநீரகங்களும் கொஞ்சம் இறங்கின. மிகவும் இளைத்துப்போனவர்களுக்கு எழுந்து நிற்கும்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகச் சரிவதும் உண்டு. ஆனால் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கூடவே இறங்குவதில்லை. அதற்குத் தனி அறை தடுத்திருக்கிறது.

குடலைப் போர்த்திய சவ்வுக்குப் பின்னால் சிறுநீரகம் இருப்பதால், அறுவை மருத்துவர் நினைத்தால் அந்தச் சவ்வைத் திறக்காமலே முதுகுப் பக்கமாக அதை அடையலாம். ஆனால் முதுகு வழியாகக் குத்தும் ஊசியை மேலே அதிகம் ஏற்றினால் நுரையீரல் உறை குறுக்கே வரும். மேலே, ஆழத்தில் என்றேன் அல்லவா, அதற்குத்தான் சொன்னேன்.

சரி, வலிக்கு வருவோம். தசை வலி என்றால் குனிந்தால் கூடும், படுத்தால் குறையும். சிறுநீரகக் கல் வலிக்காரர் எப்படி இருந்தாலும் தவிப்பார். உட்காருவார், எழுவார், சுவரைப் பிடிப்பார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர். மூன்று இடங்களில் அது குறுகுகிறது: தொடங்கும் இடம், இடுப்பெலும்பு விளிம்பில் பெரிய இரத்தக்குழாயைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் சிக்கும். கல் இறங்க இறங்க வலியும் விலாவிலிருந்து தொடையிடுக்கு நோக்கி இறங்கும். கூடவே காய்ச்சலோ சிறுநீரில் இரத்தமோ இருந்தால், கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மர்ரேயின் குழு, இரட்டைச் சகோதரர்களில் ஒருவருடையதை எடுத்து மற்றவருக்குப் பொருத்தியது. 1990இல் மர்ரேக்கு நோபல் பரிசு. தானத்துக்குப் பெரும்பாலும் இடதையே விரும்புவார்கள். அதன் சிரை, அதாவது இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய், வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம், தைக்க வசதி. வைப்பது பழைய இடத்தில் அல்ல, அடிவயிற்றில். பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில், சிறுநீர்ப்பையும் பக்கத்தில். பழைய இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதே இல்லை, அப்படியே... சரி, சரி, செய்தி நேரமாம். வணக்கம்.