இடது கை எட்டுற தூரம்: ஃப்ளை ஃபிஷிங்ல சின்னச் சாமானை எங்க வச்சுக்கறது

வணக்கம் மக்களே. பின்னாடி ஆத்துச் சத்தம் இருக்கு, அதனால கொஞ்சம் உரக்கவே பேசுறேன். புதுசா வந்தவங்களுக்கு, ஃப்ளை ஃபிஷிங்னா ஹூக்குல இறகும் நூலும் வச்சு பூச்சி மாதிரி கட்டின 'ஃப்ளை'யை வீசி மீன் பிடிக்கிறது. இன்னைக்கு மீன் பிடிக்கிறத காட்டப் போறதில்ல. தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி என் உடம்பு மேல என்னென்ன, எங்கெங்க மாட்டியிருக்கேன்னு மட்டும் காட்டப் போறேன். வெஸ்ட் வாங்கவா, ஸ்லிங் பேக் வாங்கவா, இடுப்புப் பை போதுமான்னு ரொம்ப பேர் கேட்டுட்டே இருக்கீங்க. அதுக்கும் வரேன். ஆனா பை பத்திப் பேசுறதுக்கு முன்னாடி கை பத்திப் பேசணும்.

இடுப்பளவு தண்ணியில நிக்கறீங்க. வலது கையில ராடு. அதைக் கீழ வைக்க இடமே கிடையாது, மிஞ்சிப் போனா கக்கத்துல இடுக்கிக்கலாம். மிச்சம் இருக்கிறது இடது கை ஒண்ணுதான். லைனை இழுக்கிறதும் அந்தக் கைதான், பைக்குள்ள துழாவுறதும் அந்தக் கைதான், மீன் கிட்ட வந்தா நெட்டை எடுக்கிறதும் அதேதான். அப்ப எது எங்க இருக்கணும்னு அந்த இடது கையைத்தான் கேக்கணும். கண்ணு தண்ணிமேல இருக்கிறப்பவே கை தானா போய்த் தொடுற இடத்துல சாமான் இருந்தா, நீங்க எந்தப் பை மாட்டியிருந்தாலும் நல்லா மீன் பிடிக்கலாம். இடது கைப் பழக்கம் உள்ளவங்க நான் சொல்றதை அப்படியே மாத்திப் போட்டுக்கோங்க.

போன சீசன்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன். கரையோரம் ஒரு மரம் சாஞ்சு நிக்குது, அதோட நிழல்ல ஒரு ட்ரவுட், நல்ல மீன், நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல வந்து பூச்சி எடுக்குது. நான் மூணு தடவை வீசிட்டேன், தூரம் சரியா அமையல. நாலாவது தடவை ரொம்ப அழகா வந்துச்சு. லைனை விடுறேன்... நெஞ்சுகிட்ட எதுவோ வெடுக்குன்னு இழுக்குது. பாத்தா, ஃபோர்செப்ஸோட, அதாவது மீன் வாயிலேர்ந்து ஹூக்கைக் கழட்டுற இடுக்கியோட, கைப்பிடி வளையத்துக்குள்ள லைன் பூந்திருக்கு. ஃப்ளை பாதி வழியிலயே தொப்புன்னு விழுந்துச்சு. அந்த மீன் அதுக்கப்புறம் வரவே இல்ல. எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே சரியில்ல.

இதோ, கேமராகிட்ட காட்டுறேன், இதுதான் அந்த ஃபோர்செப்ஸ். கத்தரிக்கோல் மாதிரி விரல் நுழையிற ரெண்டு வளையம் இருக்கு பாருங்க. வீசுறப்போ இடது கையில வச்சிருக்கிற தளர்வான லைன் எல்லாம் சுருள் சுருளா வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுலதான் தொங்கும். அங்க ஒரு வளையம் நீட்டிக்கிட்டு இருந்தா லைன் அதைத் தேடிப் போய் மாட்டும். இப்ப நான் இதை எங்க வச்சிருக்கேன்னா, நெஞ்சுப் பையோட பக்கவாட்டுல ஒரு துணி உறை தச்சு, வளையம் வரைக்கும் உள்ள போற மாதிரி வச்சிருக்கேன். வெளிய தெரியிறது ஒரு சின்ன கயித்து முடிச்சு மட்டும்தான். அதைப் பிடிச்சு இழுத்தா வந்துரும். முன்பக்கம் தொங்குற எல்லாத்தையும் இந்தக் கண்ணோட பாருங்க. லைன் எதுல போய் மாட்டும்? அதை உள்ள தள்ளுங்க, இல்ல பக்கவாட்டுக்கு மாத்துங்க.

சரி, பைக்கு வருவோம். ஃப்ளை ஃபிஷிங் வெஸ்ட்டை முதல்ல தச்சது லீ வுல்ஃப்னு சொல்வாங்க, அமெரிக்காக்காரர், 1931-ல. கையில்லாத மேல்சட்டையில பாக்கெட்டா வச்சுத் தச்சிருக்கார். அதுக்கு முன்னாடி தோள்ல ஒரு கூடையோ பையோ தொங்கவிட்டுட்டுத்தான் போவாங்க. வெஸ்ட்ல ஒரு பெரிய நல்லது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிரந்தர இடம் கிடைக்கும், கை சீக்கிரம் பழகிரும். கெட்டது என்னன்னா, பாக்கெட் இருக்கிறதாலயே அதை நிரப்பத் தோணும். நிரப்பின எடை எல்லாம் கழுத்துலயும் தோள்லயும்தான் இறங்கும். ஒரு நாள் முழுக்க வீசிட்டு கழுத்து வலிக்குதுன்னு சொல்றவங்க, முதல்ல வெஸ்ட்டைக் கழட்டி எடை போட்டுப் பாருங்க.

நெஞ்சுப் பை, அதாவது செஸ்ட் பேக், கைக்கு ரொம்ப கிட்ட. நான் இன்னைக்கு மாட்டியிருக்கிறது அதுதான். ஆனா இது தடிமனா இருந்தா கீழ காலே தெரியாது. வழுக்குப் பாறையில கால் வைக்கிற இடம் தெரியணும், அதுல சமரசமே கூடாது. அதனால என்னோடது ஒரு ஃப்ளை பெட்டி நுழையிற தடிமன்தான். குனிஞ்சு பாத்தா ரெண்டு பாதமும் தெரியுது பாருங்க.

ஸ்லிங் பேக் நிறைய நடக்கிறவங்களுக்கு நல்லது. முதுகுல கிடக்கும், வேணும்கிறப்போ முன்னாடி இழுத்துக்கலாம், முன்பக்கம் லைன் மாட்ட எதுவுமே இருக்காது. வீசுற கையோட தோள் மேல பட்டை வராத மாதிரி பாத்து வாங்கிக்கோங்க. எனக்கு அதுல ஒரே குறை, ஒவ்வொரு தடவையும் இழுத்து, திறந்து, மூடி, திருப்பித் தள்ளணும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஃப்ளை மாத்துற நாள்ல அது அலுத்துப் போகும்.

இடுப்புப் பை முதுகுக்குச் சுகம். ஆழமான ஆத்துக்கு ஆகாது, நனைஞ்சிரும். இன்னொண்ணு, வேடர்ஸ், அதாவது தண்ணி புகாத நீளக் காலுடுப்பு, போட்டா அது மேல பெல்ட்டை இறுக்கிக் கட்டியே ஆகணும், விழுந்தா உள்ள தண்ணி ரொம்பாம தடுக்கிறது அதுதான். இடுப்புப் பையோட பட்டையை அந்த பெல்ட்டுக்குப் பதிலா நினைச்சுராதீங்க. ரெண்டும் தனித்தனியா இருக்கணும். எந்தப் பையா இருந்தாலும் ஒரு கொக்கியை அமுக்கினா உடனே உடம்பை விட்டு வர மாதிரி இருக்கணும். கரையில வச்சு ஒரு தடவை கழட்டிப் பழகிட்டு அப்புறம் இறங்குங்க.

சின்ன ஓடைக்குப் போறவங்களுக்கு கழுத்துல மாட்டுற கயிறு, லேன்யார்டு, ஒண்ணே போதும். அதோட கீழ்முனையைச் சட்டையில ஒரு கிளிப் போட்டுப் பிடிச்சுருங்க. இல்லன்னா குனியிறப்போ ஊஞ்சல் ஆடும்.

இப்ப சாமான். எதை அடிக்கடி எடுக்கறீங்களோ அது நெஞ்சுகிட்ட. நாளைக்கு ஒரு தடவை எடுக்கிறது முதுகுல. நிப்பர், டிப்பெட், ஃப்ளோட்டன்ட், இந்த மூணும்தான் சதா வேணும்.

நிப்பர்னா லைன் வெட்டுறது. நகவெட்டி கூட வேலை செய்யும். பல்லால கடிக்காதீங்க, பல் ஓரம் தேஞ்சு உடையும். இதை ரிட்ராக்டர்ல மாட்டியிருக்கேன், இழுத்தா நீளும், விட்டா தானா உள்ள போயிரும். பளபளக்கிற நிப்பர் வேண்டாம்னு சொல்வேன். வெயில்ல அது அடிக்கிற மின்னல் தெளிஞ்ச தண்ணியில இருக்கிற மீனைக் கலைச்சு விட்டுரும். கறுப்பு, மங்கின கலர்ல எடுங்க.

டிப்பெட் சுருள்கள். லைனோட கடைசி முனையில ஃப்ளையைக் கட்டுற மெலிசான நூல்தான் டிப்பெட். மூணு சுருளை ஒரு கயித்துல கோத்து, 3எக்ஸ், 4எக்ஸ், 5எக்ஸ்னு தடிமன் வரிசையில வச்சிருக்கேன். இந்த எக்ஸ் கணக்குப் புரியாம நிறைய பேர் தடுமாறுறீங்க. பதினொண்ணுலேர்ந்து அந்த எண்ணைக் கழிங்க. 5எக்ஸ்னா மிச்சம் ஆறு, அதாவது 0.006 அங்குலம், ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். 3எக்ஸ்னா எட்டு, 0.008 அங்குலம். எண் ஏற ஏற நூல் மெலிசாகும். எந்த ஃப்ளைக்கு எதுன்னா, ஃப்ளையோட ஹூக் நம்பரை மூணால வகுத்துப் பாருங்க. 15, 16 நம்பர் ஃப்ளைக்கு 5எக்ஸ் கிட்ட வரும். கையில கணக்கு இருந்தா மூணு சுருளே போதும், எட்டு சுருளைச் சுமக்க வேண்டாம்.

நைலான் சுருளை வெளிய தொங்கவிடுறவங்க ஒண்ணு கவனிங்க. வெயில்ல நைலான் பலம் இழக்கும். நான் தினமும் தொங்குறதைச் சீசனுக்கு ஒரு தடவை மாத்திருவேன், புதுசு இருட்டா ஒரு டப்பாவுக்குள்ள இருக்கும். ஃப்ளோரோகார்பன் வெயிலைத் தாங்கும், தண்ணியை விட நல்ல கனம், அதனால மூழ்கும். நிம்ஃப், அதாவது மூழ்குற ஃப்ளை, போடறப்போ அது வேணும், மிதக்கிற ட்ரை ஃப்ளைக்கு நைலான். தடவிப் பாத்தே வித்தியாசம் தெரியணும்னு ஃப்ளோரோகார்பன் சுருள் மேல ஒரு ரப்பர் பேண்டைச் சுத்தி வச்சிருக்கேன்.

ஃப்ளோட்டன்ட்னா ஃப்ளையை மிதக்க வைக்கிற பூச்சு. அந்த ஜெல்லைத் தலைகீழா மாட்டுங்க, அப்பதான் அமுக்கின உடனே வரும். வெயில் ஏறினா ஜெல் தண்ணியா உருகிரும், மூடி நல்லா இறுகுதான்னு பாத்துக்கோங்க. சிடிசி ஃப்ளை, அதாவது வாத்தோட எண்ணெய்ச் சுரப்பியை ஒட்டி இருக்கிற இறகுல கட்டினது, அதுல ஜெல் தடவிராதீங்க. இறகு ஒட்டிப் போய் மிதக்கிற குணமே போயிரும். அதுக்கு உலர் பொடி. ஒரு சின்ன டப்பாவுல பொடி, ஃப்ளையை உள்ள விட்டு மூடி ரெண்டு குலுக்கு, எடுத்து ஊதினா புதுசு மாதிரி நிக்கும். அந்தக் காலத்துல ஃபிலிம் ரோல் டப்பாவுல இதைச் செய்வாங்க. ஒரு கையால திறக்க வர டப்பாவா இருந்தா அருமை.

ஃப்ளை பெட்டி ரெண்டு. மிதக்கிறது ஒண்ணுல, மூழ்குறது ஒண்ணுல. பெட்டியோட மூலையில ஓட்டை போட்டு ஒரு கயிறு கட்டி, பையோட உள்வளையத்துல மாட்டியிருக்கேன். திறந்த பெட்டி கை தவறினா ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து கட்டினது எல்லாம் ஆத்தோட போயிரும். மிதக்கிற பெட்டி, கண்ணுக்குத் தெரியிற கலர், அதோட இந்தக் கயிறு. மூணும் வேணும்.

கழட்டின ஃப்ளையை நேரா பெட்டிக்குள்ள வைக்காதீங்க, ஈரம் மத்த ஹூக்கையும் துருப்பிடிக்க வைக்கும். நெஞ்சுல ஒரு ஃபோம் பட்டை இருக்கு பாருங்க, அதுல குத்தி உலர விடறேன். காந்தப் பட்டை வாங்கறவங்க, இதயத்துல பேஸ்மேக்கர் இருந்தா தயவுசெஞ்சு நெஞ்சுல வைக்காதீங்க. நெட்டை மாட்டுற காந்தத்துக்கும் இதேதான். நெட் எனக்கு முதுகுல, பின்கழுத்துக்குக் கீழ காந்தத்துல தொங்குது, கூடவே ஒரு சுருள் கயிறு. காந்தம் மட்டும் போதாது, புதருக்குள்ள போறப்போ கிளை இழுத்துட்டுப் போயிரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஃப்ளையை ஆழத்துக்கு இறக்க லைன்ல மாட்டுற எடைக் குண்டு. ஈயம் வேண்டாம். தண்ணிப் பறவைங்க கல்லுன்னு நினைச்சு முழுங்கிச் சாகும். பிரிட்டன்ல அன்னப்பறவைங்க அப்படிச் செத்ததால 1987-லயே 0.06 கிராம்லேர்ந்து 28.35 கிராம் வரைக்கும் உள்ள ஈயக் குண்டை விக்கத் தடை போட்டாங்க. டங்ஸ்டன் பிசின் வாங்குங்க, ஈயத்தை விடக் கனமான உலோகம் அது, சுண்டைக்காய் அளவு போதும். மாவு மாதிரி உருட்டி ஒட்டலாம், கழட்டித் திரும்ப உருட்டி டப்பாவுல போட்டுக்கலாம், டப்பா கிலுகிலுன்னு சத்தமும் போடாது.

தெர்மாமீட்டர் ஒண்ணு எப்பவும் இருக்கும். தண்ணி 20 டிகிரி செல்சியஸை எட்டினா ட்ரவுட்டைப் பிடிக்கிறத நான் நிறுத்திருவேன். சூடான தண்ணியில பிராணவாயு கம்மி, போராடின மீனை விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். ஃபோர்செப்ஸால ஹூக்கோட எதிர்முள்ளை அமுக்கிட்டுப் போறதும் இதுக்குத்தான், சீக்கிரம் கழண்டு வரும்.

அப்புறம் இந்தச் சின்ன பை. இது காலியா வரும், நிறைஞ்சு போகும். வெட்டின லைன் துண்டு எல்லாம் இதுக்குள்ள. ஒவ்வொரு ஃப்ளை மாத்தறப்பவும் அஞ்சாறு சென்டிமீட்டர் வெட்டறோம். ஃப்ளோரோகார்பன் மக்கவே மக்காது, பறவைக் காலுல சுத்தினா அது நடக்க முடியாம சாகும். நீங்க வெட்டாத துண்டு கரையில கிடந்தாலும் எடுத்துப் போடுங்க.

இப்ப ஒண்ணு செய்யப் போறேன். கண்ணை மூடிக்கறேன், ராடு வலது கையில. நிப்பர்... இந்தா. ஃப்ளோட்டன்ட்... இந்தா. 5எக்ஸ்... ரப்பர் பேண்ட் இல்ல, கடைசிச் சுருள், சரி. ஃபோர்செப்ஸ்... வந்துருச்சு. தெர்மாமீட்டர்... ம்ம்... இல்ல, இது பொடி டப்பா. ரெண்டும் ஒரே வடிவம், ஒரே பாக்கெட். நல்லவேளை, இங்கயே தெரிஞ்சுது. தெர்மாமீட்டரை இடது தோள்பட்டைக்கு மாத்தறேன், இப்படி, பட்டைக்கு உள்பக்கமா, லைன் மாட்டாது. திரும்ப ஒருக்கா. தெர்மாமீட்டர்... இந்தா.

தண்ணி பாத்துட்டு வந்து சொல்றேன். காலையில 14 இருந்துச்சு, இன்னும் நேரம் இருக்கு. கேமராவை இந்தக் கல்லு மேல வச்சிட்டு நான் இறங்குறேன்.