67-ஆம் நிமிடம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்கு என்னை அழைத்த திருநெல்வேலி வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி.

கால்பந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால், பயிற்சி முறைகளைப் பற்றியோ மாணவர்கள் பெற்ற கோப்பைகளைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச விரும்புவது ஒரு தோல்வியைப் பற்றி. 1990-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், நேப்பிள்ஸ் நகரில், உலகக் கோப்பை அரையிறுதியில் இத்தாலி அர்ஜென்டினாவிடம் தோற்ற ஆட்டம் அது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், அந்த ஆட்டத்தை ஊரில் இருந்துதான் பார்க்க வேண்டும் என்று, செவ்வாய்க்கிழமை வகுப்பை விட்டுவிட்டு, திசையன்விளை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறி உவரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் ஊரில் ஏன் இத்தாலிக்கு ஆதரவு என்று கேட்பீர்கள். அந்நாளில் ஊரில் பாதிப்பேர் மரடோனா பக்கம். 1986-இல் அவர் கோப்பையைத் தூக்கிய படம் பல வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. ஆனால் எங்கள் பங்குச் சாமியார் ரோமில் படித்துத் திரும்பியவர். இத்தாலி வீரர்களின் பெயர்களை அவர் சொல்லும் அழகைக் கேட்டே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த அணியின் பக்கம் சாய்ந்தோம். எனக்கு அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. நான் ஊர் அணியின் கோலி. கோல் கீப்பரை எங்கள் பக்கத்தில் கோலி என்றுதான் சொல்வோம். இத்தாலியின் கோலி வால்டர் ஜெங்கா, அந்த உலகக் கோப்பையில் ரோம் நகரில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விடவில்லை. ஆஸ்திரியா, அமெரிக்கா, செக்கோஸ்லோவாக்கியா, உருகுவே, அயர்லாந்து ஆகிய ஐந்து அணிகளும் முயன்றன, ஒருவராலும் முடியவில்லை. ஐந்து ஆட்டம் என்றால் 450 நிமிடங்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இதற்கு வருவேன்.

அரையிறுதியை மட்டும் நேப்பிள்ஸில் வைத்தார்கள். அது மரடோனாவின் ஊர் போன்றது. அவர் ஆடிய நாப்போலி அணி 1987-இலும், அந்த 1990-ஆம் ஆண்டிலேயும் இத்தாலியின் சாம்பியன் ஆகியிருந்தது. எனவே, நேப்பிள்ஸ் மக்கள் தங்கள் நாட்டை விட்டுவிட்டு அர்ஜென்டினாவை ஆதரிக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். இன்று அந்த மைதானத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்று நிலவிய பிளவும் ஏறக்குறைய அதே மாதிரிதான். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

நம் நேரப்படி இரவு பதினொன்றரை மணிக்கு ஆட்டம். பங்குச் சாமியார் வீட்டுத் திண்ணையில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்து வைத்திருந்தார்கள். ஆனி மாதம், கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வீசும் காலம். ஓட்டுக்கூரை மேல் நட்டிருந்த ஆன்டெனாக் கம்பம் காற்றில் நிற்காது. கம்பம் சற்றே திரும்பினாலும் படம் முழுவதும் புள்ளிகள் கொட்டும். ஆகவே ஒருவர் மேலே ஏறி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். கம்பத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்னும் கைப்பக்குவம் அவருக்குத்தான் இருந்தது. அவரும் இத்தாலி பக்கம்தான். இருந்தும், கீழே நூறு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக, அவர் ஆட்டத்தைப் பார்க்காமல் கூரைமேல் இருந்தார். இதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.

17-ஆம் நிமிடத்தில் ஸ்கிலாச்சி கோல் போட்டார். சிசிலித் தீவிலிருந்து வந்தவர். முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிக் கோல் போட்டவர். அந்த உலகக் கோப்பையில் மொத்தம் ஆறு கோல் அடித்து முதலிடம் பெற்றவர். கோல் விழுந்ததும் எழுந்த கூச்சலில் சாமியார் வீட்டு நாய் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. கூரையிலிருந்த அண்ணன் கேட்கவே தேவையில்லை. எந்தப் பக்கத்துக் கூச்சல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. 67-ஆம் நிமிடம். அர்ஜென்டினாவின் ஒலார்ட்டிகோச்சியா இடப்பக்கத்திலிருந்து பந்தை உயர்த்தி அனுப்பினார். கனீஜியா, தம்மைக் காத்து நின்றவருக்கு முன்னால் எகிறி, பின்னந்தலையால் பந்தை உரசிவிட்டார். ஜெங்கா வெளியே வந்திருந்தார். பந்து அவர் கைக்கு எட்டாமல் கடந்து வலைக்குள் போனது. 450 நிமிடத்தோடு இந்த 67-ஐக் கூட்டுங்கள், 517 நிமிடங்கள். உலகக் கோப்பையில் அதற்கு முன் எந்தக் கோலியும் அவ்வளவு நேரம் கோல் விடாமல் இருந்ததில்லை.

திண்ணையில் எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மரடோனா பக்கத்தார் எழுந்து ஆடினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே, கூரையிலிருந்து அண்ணன் குரல் கேட்டது: "ஏல, என்னல ஆச்சு? யாரு போட்டா?" எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. "சொல்லுங்கல" என்று அவர் மறுபடியும் கேட்டார். கடைசியில் சாமியார்தான் முற்றத்துக்கு இறங்கிப் போய், மேலே பார்த்து, "ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டுப்பா" என்றார். கம்பம் ஒருமுறை ஆடியது. படம் புள்ளிகளாகிப் பிறகு தெளிந்தது.

அன்று தொடங்கிய வழக்கு எங்கள் ஊரில் இன்றுவரை தீரவில்லை. ஜெங்கா கோல் வாசலிலேயே நின்றிருந்தால் பந்தைப் பிடித்திருப்பார், அவர் வெளியே வந்ததுதான் குற்றம் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. கோலியாக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் வெளியே வந்தது சரி. முதல் அடி தாமதித்தது, அதுதான் பிழை. நாங்கள் கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்தவர்கள். மணலில் நிற்கும் கோலிக்கு முதல் அடி வைக்கும்போது கால் புதையும். ஓடி வந்துவிடலாம் என்று மனம் நினைக்கும். கால் அரை நொடி கழித்துத்தான் வரும். ஈரமண்ணில் நின்றால் அந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் நாங்கள் கோல் கம்பங்களை அலை வந்து போகும் ஓரத்திலேயே நடுவோம். காற்று வீசும் நாளில் உயரப் பந்து எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாது. வருவதானால் பந்து உதைபடும் கணத்திலேயே வர வேண்டும். பந்து பாதி வழி வந்தபின் கிளம்புபவனுக்குப் பந்தும் கிடைக்காது, கோல் வாசலும் கிடைக்காது. முதல் அடி, நேயர்களே, முதல் அடி. பள்ளியில் கோலியாக நின்ற ஒவ்வொரு பையனிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வழக்கில் அண்ணன் மட்டும் எப்போதும் வாய் திறக்க மாட்டார். "நான் பார்க்கலியே, எனக்கு என்ன தெரியும்" என்பார். ஸ்கிலாச்சி காலமான செய்தி 2024 செப்டம்பரில் வந்தபோது, ஊரில் பழைய ஆட்கள் நான்கைந்து பேர் கூடியிருந்தோம். ஒருவருடைய பேரன் கைப்பேசியில் அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்தான். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணன் அந்த 67-ஆம் நிமிடத்தை முதல் முறையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். நான்காவது முறை பார்த்துவிட்டு, திரையில் ஜெங்காவின் காலருகே விரலை வைத்து, "காலைப் பாருல, மணல்ல நிக்க மாதிரி நிக்கான்" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. எனக்கு அந்தச் சொல் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு நிமிடம் என்று சைகை காட்டுகிறார்கள். பெனால்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கூடுதல் நேரத்திலும் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே, இரு அணியும் மாறி மாறி உதைக்கும் பெனால்டிகளால்தான் முடிவு. அர்ஜென்டினாவின் கோலி கோய்கோச்சியா, முதல் கோலியான பும்பிடோ அதே நேப்பிள்ஸ் மைதானத்தில் சோவியத் அணியுடன் ஆடும்போது கால் முறிந்ததால் உள்ளே வந்தவர். இத்தாலிக்குப் பரேசி, பாஜியோ, டி அகோஸ்டினி மூவரும் போட்டார்கள். டொனடோனி உதைத்ததையும் செரேனா உதைத்ததையும் கோய்கோச்சியா தடுத்துவிட்டார். இரண்டுக்கும் நடுவே மரடோனா தம்முடையதைப் போட்டுவிட்டார். நாலுக்கு மூன்று. இத்தாலி அந்த உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் தொண்ணூறு நிமிடத்துக்குள் தோற்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அரையிறுதியில் நம் இந்திய அணி, நெவில் டிசூசாவின் கோலால் முன்னிலை பெற்றும் யூகோஸ்லாவியாவிடம் நாலுக்கு ஒன்று என்று தோற்றதைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை மற்றொரு வாய்ப்பில் சொல்வேன்.

ஆட்டம் முடிந்தபோது மணி இரண்டேகால். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கினார்கள். அண்ணன் கூரையிலிருந்து இறங்கி, கம்பத்தைப் பிடித்து மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். "அடுத்த தடவ நான் கீழ இருந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர்களுக்குப் பின்னால் போனார். நான் முதல் பேருந்தைப் பிடித்தேன். என் பக்கத்தில் மரடோனா கட்சிக்காரன் ஒருவன், என் கூட்டாளி, வந்து உட்கார்ந்தான். திசையன்விளை வரும்வரை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அங்கே இறங்கி இரண்டு தேநீர் வாங்கி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தான்.

நேரம் முடிந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட நேயர்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.